எல்லாத் துறைக்கும் படகு இருக்கிறது, நோயாளிக்கு ஏன் இல்லை?

ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கடல் ஓரத்திலிருந்து, மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் ஒரு கிராமத்துச் சகோதரி எழுதியிருக்கிறார். வயது 46. பாசி எடுப்பது தொழில், மகளிர் குழுவுக்குத் தலைவி. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு ராத்திரி அவருடைய அக்கா மகளுக்கு 33 வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. 108க்குப் போன் செய்தால், பக்கத்து வண்டி வேறு கேஸில் இருக்கிறது, ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வந்தாலும் தார் ரோடு முடிந்து ஊர் வரைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் மணல். மீன் ஏற்றும் குட்டி யானையில் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, ஆண்கள் தள்ளிக்கொண்டே ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த செவிலியர், "உங்க ஊர் எங்க எல்லையில வராது, பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவம். குழந்தை 1.7 கிலோ. மூன்று வாரம் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது தாயும் பிள்ளையும் வீட்டில்.

அவருடைய கோபம் இது: "கடலோரக் காவல் படைக்குப் படகு இருக்கு, டாக்டர் இருக்கார். வனத்துறைக்குப் படகு இருக்கு, எங்களை விரட்ட மட்டும் வரும். மெரைன் போலீஸ், மீன்வளத் துறை எல்லாருக்கும் இருக்கு. எங்க ஊர்லயே புயல் பாதுகாப்புக் கட்டடம் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கு. இதையெல்லாம் சேர்த்தாலே ஒரு ஆஸ்பத்திரி ஆகிடுமே டாக்டர் சார்?" கூடவே நான்கு கேள்விகள். அந்தக் கட்டடத்தைக் கேட்டு வாங்க முடியுமா? காவல் படை டாக்டரை வாரம் ஒருநாள் வரச் சொல்ல முடியுமா? படகு ஆம்புலன்ஸ் கிடைக்குமா? கடல் பாம்பு கடித்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்றது அலட்சியம்தானே? கடைசியாக, மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போடலாம் என்று ஒருவர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாராம். போடலாமா என்றும் கேட்கிறார்.

சகோதரிக்கு,

கட்டடம், படகு, வழக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ, 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணின் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் பார்ப்பது முறை. குறைமாதக் குழந்தைகளில் சிலருக்கு விழித்திரை ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறித்துவிடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் கண் பரிசோதனை பற்றி எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எதுவும் இல்லையென்றால் மனு எழுதும் வேலையெல்லாம் அப்புறம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். காது கேட்கும் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லை என்ற பேச்சு

அந்தச் செவிலியர் சொன்னது தவறு. எல்லை என்பது ஊழியர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க வைத்துக்கொண்ட கோடு. எந்தக் கிராமத்துக்கு யார் தடுப்பூசி போடுவது, யார் கணக்கு எழுதுவது என்பதற்குத்தான் அது பயன்படும். அவசரத்தில் வந்த நோயாளியை அதைக் காட்டித் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் கையில் இருந்தால் வேறு வட்டாரம் என்பதும் ஒரு காரணமாகாது.

இந்த இடத்தில் வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 34 வாரத்துக்குள் வலி வந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசி ஒன்று போடலாம். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட அது உதவும். டாக்டர் இல்லாவிட்டாலும் பயிற்சி பெற்ற செவிலியரே முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. விலையும் மிகக் குறைவு. அன்றைக்கு நீங்கள் இழந்தது அந்த ஒரு ஊசியும், முன்கூட்டியே ராமநாதபுரத்துக்குப் போக வேண்டிய ஒரு போன் அழைப்பும். குழந்தை பிழைத்துவிட்டது, சரி. ஆனால் புகார் எழுதும்போது "மரியாதையாகப் பேசவில்லை" என்று எழுதாமல் இதை எழுதுங்கள். தேதி, நேரம், 108க்கு அழைத்த எண் எல்லாம் அதில் இருக்கட்டும். வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒன்று, மாவட்ட சுகாதார அலுவலருக்கு (முன்பு துணை இயக்குநர் என்றோமே, அவர்தான்) ஒன்று. அந்தச் செவிலியரைத் தண்டிக்க வேண்டும் என்று கேட்பதைவிட, எல்லை பார்க்கக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை கேட்பது உங்களுக்குப் பயன்படும். ராத்திரியில் தனியாக ஒரு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பயம் இருக்கும். தெரியாத கேஸ் நம் தலையில் விழுந்துவிடுமோ என்கிற பயம். அதைப் போக்கும் உத்தரவு மேலேயிருந்துதான் வர வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு ஓர் அடித்தளம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் "அரசு ஆஸ்பத்திரி" ஒன்றுதான். உள்ளே அது மூன்று வீடு. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம சுகாதார செவிலியர்களும் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ். தாலுகா மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். போதாததற்கு இந்த ஒரே மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு சுகாதார மாவட்டங்கள். 108 வண்டியை ஒப்பந்த அடிப்படையில் நடத்துவது வேறொரு நிறுவனம். உங்கள் மணல் பாதை ஊராட்சி ஒன்றியத்தின் கையில், புயல் கட்டடம் வருவாய்த் துறை, பேரிடர் மேலாண்மைப் பக்கம். சுகாதாரத் துறைக்குள்ளேயே ஒருவர் பொருளை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்த ஃபைல் ஓட வேண்டியிருக்கும்போது, காவல் படைப் படகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். "எல்லாரும் சேர்ந்து உதவ வேண்டும்" என்று மனு எழுதாதீர்கள். அப்படி எழுதிய மனுவுக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். எந்தப் பொருள், எந்த நாள், சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கட்டுவது, டீசல் யார் கணக்கு. இதை எழுத்தில் கேளுங்கள். இரண்டு துறைகள் சேர்ந்து செய்யும் வேலை படுத்துவிடுவது பெரும்பாலும் இந்தச் சில்லறை விஷயங்களில்தான்.

சேர்ந்து செய்தும் நடக்கிற ஒரு வேலை உங்கள் குழுவுக்குள்ளேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள். மாத்திரை சுகாதாரத் துறையுடையது, ஆள் மகளிர் திட்டத்தின் வழியே வந்தவர். யார் என்ன தருவது என்று முன்னாலேயே எழுதி வைத்ததால்தான் அது ஓடுகிறது. (அந்தப் பெண்களுக்குக் கொடுக்கும் தொகை போதாது என்பது தனிச் சண்டை, அதில் நான் உங்கள் பக்கம்.)

பூட்டிய கட்டடம்

உங்கள் யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிடைக்க வாய்ப்பு உள்ளதும் இதுதான். கடலோர மாவட்டங்களில் கட்டிய பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களின் பெயரிலேயே "பல்நோக்கு" இருக்கிறது. புயல் இல்லாத நாளில் ஊர்ப் பயன்பாட்டுக்கு என்ற எண்ணத்தில் வந்தவை அவை. பூட்டியே கிடக்கும் கட்டடம் புயல் வரும் நாளில் கதவு திறக்காது, மோட்டார் ஓடாது என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். தினமும் ஆள் புழங்கினால் கட்டடத்துக்கும் நல்லதுதான்.

முழுக் கட்டடத்தையும் கேட்காதீர்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறை, ஒரு கழிப்பறை, தண்ணீர். கிராம சுகாதார செவிலியர் வாரத்தில் இன்னின்ன நாள் அங்கே உட்காருவார். சாவி ஒன்று அவரிடம், ஒன்று ஊராட்சியில். புயல் எச்சரிக்கை வந்த உடனே அறையைக் காலி செய்து தருவோம் என்று நீங்களே எழுதிக்கொடுங்கள். வருவாய்த் துறையின் முதல் தயக்கம் அதுதான். தடுப்பூசி வைக்கக் குளிர்பெட்டி வேண்டுமே என்று யாராவது தடை சொன்னால், தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் இருக்கும், போடும் நாளில் மட்டும் பெட்டியில் எடுத்து வருவார்கள் என்று சொல்லுங்கள். மின்விசிறி, திரை, எடை பார்க்கும் கருவி மாதிரிச் செலவுகளுக்குக் கிராம சுகாதாரக் குழுவின் நிதி இருக்கிறது. சிறிய தொகைதான், ஆனால் இதற்குப் போதும்.

ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது பொதுக் கணக்கு. மலை, பழங்குடிப் பகுதிகளிலும் போய்ச் சேர சிரமமான இடங்களிலும் மூவாயிரம் பேருக்கு ஒன்று. கடலோரம் என்றாலே இந்தச் சலுகை கிடைத்துவிடாது. உங்கள் மணல் பாதையையும் மழைக்கால நிலைமையையும் போட்டோ எடுத்து, தேதியோடு மனுவில் இணையுங்கள். "சிரமமான இடம்" என்று வாதாட அது உதவும்.

அறை கிடைத்துவிட்டால் பிரசவமும் அங்கேயே பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். ரத்தம், மயக்க மருந்து, அறுவைக்கூடம் எதுவும் இல்லாத இடத்தில் பிரசவம் பார்ப்பது பழைய ஆபத்துக்குத் திரும்புவது. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில் நடப்பது லேசில் வந்த சாதனை இல்லை. மலைக் கிராமங்களுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். தேதிக்கு முன்பே கர்ப்பிணியும் துணைக்கு ஒருவரும் வந்து தங்கிக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை வந்தாலும் தேதி நெருங்கியவர்களை முன்னதாகவே மருத்துவமனையில் சேர்ப்பது நம் மாநில வழக்கம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் உங்கள் ஊருக்கு அதே ஏற்பாட்டைக் கேளுங்கள். உங்கள் அக்கா மகளுக்கு வந்தது குறைமாத வலி. அவருக்கு இந்த ஏற்பாடும் உதவியிருக்காது. மற்றவர்களுக்கு உதவும்.

காவல் படை டாக்டரும் படகும்

மண்டபத்தில் கடலோரக் காவல் படையும், உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமும் இருப்பதால், எல்லா வசதியும் பக்கத்திலேயே இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அவர்களுடைய மருத்துவர்கள் அவர்களுடைய தளபதிக்குக் கட்டுப்பட்டவர்கள். பேரிடர் காலத்தில் மாவட்ட நிர்வாகம் உதவி கேட்கலாம், அவர்கள் வருவார்கள். வாரந்தோறும் புறநோயாளி பார்க்கச் சொல்லிக் கலெக்டர் உத்தரவு போட முடியாது. அவர்கள் நடத்தும் இலவச முகாம் நல்லெண்ணத்தில் செய்வது.

கடலில் நிலைமை வேறு. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆபத்தில் இருக்கும் மீனவருக்குக் கடலில் உதவுவது காவல் படையின் கடமை. படகில் ஒருவருக்கு நெஞ்சுவலி, அடி, மயக்கம் எது என்றாலும் 1554க்கோ, வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவி வைத்திருந்தால் 16ஆம் சேனலிலோ கூப்பிடலாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தீவுப் பக்கம் பாசிக்குப் போகும் பெண்களின் போனிலும் இந்த எண்களைப் போட்டு வையுங்கள். வனத்துறையோடு உங்களுக்கு இருக்கும் பிணக்கு தெரிந்ததுதான். 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அந்தப் பிரச்சினை இந்தக் கடிதத்தில் தீராது. உயிர் போகும் நேரத்தில் எங்கே நின்று பாசி எடுத்தோம் என்பதற்குப் பயந்து அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

முகாம்களில் நான் குறை காணும் இடம் ஒன்று உண்டு. ஒருநாள் வருவார்கள், நூறு பேருக்குச் சர்க்கரை பார்ப்பார்கள், பத்து நாள் மாத்திரை தருவார்கள். பதினோராம் நாள் அந்த நோயாளி யாருடைய கணக்கிலும் இருக்க மாட்டார். எனவே காவல் படை அதிகாரியிடம் டாக்டரைக் கேட்பதைவிட இரண்டு சின்ன விஷயங்களைக் கேளுங்கள்: முகாம் தேதியை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும்; நோயாளிகளின் பட்டியலைக் கிளம்பும் முன் செவிலியரிடம் கொடுத்துவிட வேண்டும். இதற்கு ஃபைலும் வேண்டாம், டீசலும் வேண்டாம்.

படகு ஆம்புலன்ஸ் விஷயத்தில் உங்களோடு நான் உடன்படவில்லை. கேரளத்தில் மீன்வளத் துறை 2020இல் பிரதீக்ஷா, பிரத்யாஷா, காருண்யா என்று மூன்று கடல் ஆம்புலன்ஸ்களை இறக்கியது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டியவை. அவை கடலில் ஆபத்தில் சிக்கியவரைக் கரைசேர்க்க. அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகளுக்குப் படகு மருத்துவமனைகள் போகின்றன. தேசிய சுகாதார இயக்கத்தின் பணம், நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். அங்கே ரோடே கிடையாது. உங்கள் ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்தான் குறை. ஐப்பசி மழையிலும் கச்சான் காற்றிலும் ராத்திரியில் கர்ப்பிணியைப் படகில் ஏற்றுவதைவிட அந்த மணலில் ஒரு ரோடு போடுவது மலிவு, பத்திரம். அதுவரைக்கும், மலைப் பகுதிகளுக்கு இருப்பது மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கும் 108 வண்டி ஒன்றை உங்கள் பகுதியில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு வழி, ஊரிலேயே இரண்டு குட்டி யானைக்காரர்களிடம் பேசி வைத்து, தார் ரோடு வரை கொண்டுவந்து 108 வண்டியில் மாற்றும் ஏற்பாடு. இதை உங்கள் மகளிர் குழு நாளைக்கே செய்யலாம்.

கடல் பாம்பு

இதில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல் தப்பில்லை. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு மட்டும் தயாரிக்கப்பட்டது. வலக்கடியன் என்று நீங்கள் சொல்லும் கடல் பாம்பின் கடிக்கு அது வேலை செய்யாது. கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது. அதனால்தான் "ஒன்றுமில்லை" என்று வலையை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலி, விறைப்பு, அப்புறம் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். சிறுநீரகம் பழுதாகலாம், மூச்சு நிற்கலாம். தேவைப்படுவது டயாலிசிஸும் செயற்கைச் சுவாசமும் உள்ள இடம். "மருந்து இல்லை, உடனே ராமநாதபுரம் போங்கள்" என்றது சரியான பதில்தான். அறுப்பது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே கிளம்ப வேண்டும். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் பதிவு செய்தவர்களுக்கு, விபத்தில் இறந்தாலோ முழுதாக முடங்கினாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை வழி இருக்கிறது. கடிபட்டவரைத் தன் சிகிச்சைச் சீட்டை எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

வழக்கு

நான் வக்கீல் இல்லை. ஆனால் டாக்டர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996இல் உச்ச நீதிமன்றம் அது உயிர் வாழும் உரிமையை மீறிய செயல் என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. பணமில்லை என்பதை அரசு காரணமாகச் சொல்ல முடியாது என்றது. எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று மற்ற மருத்துவமனைகள் தெரிந்துகொள்ளத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் புகாரில் இதைக் குறிப்பிடலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் நீதிமன்றம் போனால், "மனுவைப் பரிசீலியுங்கள்" என்று அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு வருவதுதான் வழக்கம். அதற்கு முதலில் ஒரு மனு இருக்க வேண்டுமே? கையெழுத்தோடு பணமும் கேட்கிறார்கள் என்றால் நிறுத்தி வையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100.

முதல் படி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இவற்றில் அடுத்து வரும் தேதியில் மூன்று தீர்மானம் போடுங்கள்: கட்டடத்தில் அறை, மணல் பாதைக்கு ரோடு, மழைக்காலக் காத்திருப்பு ஏற்பாடு. தீர்மான நகலோடு திங்கள்கிழமை கலெக்டர் மனு நாளுக்குப் போங்கள். மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்வது அங்கேதான், ஒருவர் இன்னொருவரைக் கை காட்ட முடியாது. ராமநாதபுரம் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதோடு விருதுநகர் மட்டும்தான். துறைகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் அடிப்படை. மனுவின் முதல் பத்தியிலேயே அதைக் குறிப்பிடுங்கள், கலெக்டர் அலுவலகத்துக்கு அந்தப் பாஷை புரியும்.

பெறுகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். இரண்டு மாதம் பாருங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு என்ன ஆயிற்று, யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால், அந்தக் காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு ஆணைக்குழு தரும் வக்கீலிடம் போங்கள். அப்போது மதுரைக்குப் போவதில் அர்த்தம் இருக்கும்.